வீடற்றோர் கணக்கு: எழுப்பிக் கேட்டதா, எண்ணிப் போட்டதா?

வாசகர் கேள்வி, 03.08.2025

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் வீடற்றவர்கள் 19.43 லட்சம். 2011-ல் 17.73 லட்சம். குறைந்துதானே இருக்கிறது? அப்புறம் ஏன் கூடிக்கொண்டே போகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள்? அரசு எண்ணை நம்புவதா, அவரவர் கண்ணை நம்புவதா? மதுரையில் இந்த சர்வே எடுத்த ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

03.08.2025, இரவு 10.50

நான் எடுத்திருக்கிறேன். 2023 தை கடைசியில் ஆரம்பித்து ஐந்து வாரம். ஓர் அறக்கட்டளைக்காக, பெயர் வேண்டாம். கேள்விப் பாரம் ஒன்றை நிரப்பினால் 25 ரூபாய், டீச்செலவு தனி. பெரியார் பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் வாசல், டவுன்ஹால் ரோடு, சித்திரை வீதி நாலும் என் பங்கு. ராத்திரி பத்தரைக்குக் கிளம்பினால் இரண்டரைக்குள் நாற்பது பாரம் முடித்துவிடுவேன்.

முதலில் உங்கள் எண். மொத்தம் குறைந்தது உண்மை, ஆனால் குறைந்தது கிராமத்தில். அங்கே 11.6 லட்சம் 8.34 லட்சமாக இறங்கியது. நகரத்தில் 7.78 லட்சம் 9.38 லட்சமாக ஏறியது. இரண்டும் ஒரே அட்டவணையில்தான் இருக்கிறது. மொத்தத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டால் யாருக்கு வேண்டிய பதிலும் கிடைக்கும்.

அந்தக் கணக்கு எடுத்தது ஒரே ராத்திரி, 2011 பிப்ரவரி 28. சாலையோரம், பாலத்தடி, மாடிப்படிக்குக் கீழே, குழாய்க்குள், கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் என்று எங்கே வானமே கூரையோ அங்கே படுத்திருந்தவர்கள். பெரும்பாலும் பள்ளிக்கூட வாத்தியார்கள்தான் இந்த வேலைக்குப் போவார்கள். பகலெல்லாம் பிள்ளைகளோடு கத்திவிட்டு ராத்திரி கையில் டார்ச்சோடு பாலத்துக்கடியில் குனிந்து பார்க்கிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

04.08.2025, காலை

மதுரையில் ராத்திரி எண்ணுவது மாதிரிக் கூத்து வேறு கிடையாது. தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, அதுதான் வினை.

ராத்திரி ஒரு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் இருநூறு பேர் படுத்திருப்பார்கள். அதில் நாலு மணி வண்டிக்குக் காத்திருக்கிறவர் யார், நாலு வருஷமாக அங்கேயே இருக்கிறவர் யார்? போர்த்தியிருக்கிற வேட்டியைப் பார்த்தால் தெரியாது. கால் மாட்டில் பை இருந்தால் பயணி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிளாட்பாரத்தில் குடியிருப்பவரிடம்தான் ஐயா எப்போதும் பை இருக்கும். அவர் வீடே அந்தப் பைதான்.

பெரியாஸ்பத்திரி வாசலில் இன்னொரு கூட்டம். உசிலம்பட்டியிலிருந்து அப்பாவைச் சேர்த்துவிட்டு, கூட இருக்க வந்தவன் பதினைந்து நாளாக வெளியே படுத்திருக்கிறான். ஊரில் ஓட்டு வீடு, இரண்டு மாடு. அவனை எழுப்பி "உங்களுக்கு வீடு இல்லையா அண்ணே" என்று கேட்டேன். அடிக்காமல் விட்டது என் அதிர்ஷ்டம்.

மூட்டை தூக்குகிற ஆட்களுக்கு அந்நேரம்தான் வேலை. அவர்கள் படுப்பது காலை பத்து மணிக்கு, கீழவாசல் பக்கம் ஏதாவது நிழலில். அப்போது எந்த சர்வேக்காரனும் வருவதில்லை.

பெண்கள் விஷயம் இதைவிட மோசம். ராத்திரியில் தனியாகப் படுக்கவே மாட்டார்கள். மாட்டுத்தாவணியில் வெளிச்சமான இடமாகப் பார்த்து, குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிற பயணிகள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொள்வார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரியே இருக்கும். விடிந்ததும் கோயில் பக்கம் போய்த் தூங்குவார்கள். எங்கள் கணக்கில் பெண்கள் ஏன் குறைவு என்று கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்கள். "கலாச்சாரம்" என்று பதில் சொன்னாய்ங்க.

04.08.2025, இரவு

ஒரு சந்தேகம் வந்து பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். 2011 மாசிச் சிவராத்திரி மார்ச் 2. கணக்கெடுத்தது பிப்ரவரி 28 ராத்திரி. எங்கள் பக்கம் சிவராத்திரி என்றால் சென்னை, திருப்பூர் எங்கே இருந்தாலும் குலதெய்வம் கும்பிட வந்துவிடுவார்கள். பஸ் ஸ்டாண்ட் முழுக்கத் தலை. அந்த வருஷ எண்ணில் குலதெய்வக் கூட்டமும் கொஞ்சம் சேர்ந்திருக்குமோ?

05.08.2025

நேற்று எழுதியதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். இரண்டு நாள் முன்பே வந்து எவன் பஸ் ஸ்டாண்டில் படுப்பான், அன்றைக்குக் காலையில்தான் வந்து இறங்குவான் என்று ஒரு நண்பர் திட்டியிருக்கிறார். சரிதான். இதே கணக்கைச் சித்திரைத் திருவிழாவில் எடுத்திருந்தால் கதை வேறு. அழகர் இறங்குவதற்கு முந்தின ராத்திரி தல்லாகுளத்திலிருந்து ஆற்று மணல் வரைக்கும் படுத்திருக்கிற சனத்தை எண்ணினால் தமிழ்நாட்டிலேயே மதுரையில்தான் வீடற்றவர் அதிகம் என்று அறிக்கை வந்துவிடும்.

07.08.2025

"நேரடியாகக் கேட்டால் உண்மை வராதா" என்று கேட்டவருக்கு. கொஞ்சம் நீளமாகப் போகும்.

மேலச் சித்திரை வீதிப் பக்கம் ஒரு துணிக்கடைப் படி. அதில் ஓர் ஆத்தா. எழுபது இருக்கலாம். கட்சி ஃப்ளெக்ஸ் ஒன்றைக் கவிழ்த்து விரித்திருக்கும். தலைவர் முகம் தரையைப் பார்க்க, வெள்ளைப் பக்கம் மேலே. செருப்பை மஞ்சப்பைக்குள் போட்டுத் தலைக்கு வைத்திருக்கும். காலை ஐந்து மணிக்கு எழுந்து சொந்த விளக்குமாற்றால் படியைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, கடைக்காரருக்காக நாலு புள்ளிக் கோலம் ஒன்று போடும். "வாடகைதான் தம்பி" என்று சிரித்தது.

பாரத்தில் 12-வது கேள்வி: வீடில்லாமல் எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள்?

"வீடில்லாமயா? வீடு இருக்குப்பா. மகன் வீடு. மானாமதுரையில."

"அப்ப ஏன் ஆத்தா இங்க படுத்திருக்கீங்க?"

"காத்து வருதுல்ல."

தை மாசக் குளிர். பக்கத்தில் நாய்கூடச் சுருண்டு கிடந்தது.

சூப்பர்வைசரிடம் கேட்டேன். "எல்லாம் அப்படித்தான் சொல்லுவாய்ங்க, கௌரவம். வீடு இல்லைன்னு டிக் பண்ணு." பண்ணினேன். பதிலைக் கேட்டுவிட்டு அதற்கு எதிர்ப்பதிலை எழுதினேன். இப்படி எத்தனை என்று எண்ணவில்லை.

சர்வேயில் பத்துக்கு ஒரு பாரம் மறுபடி கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஆத்தா பாரமும் அதில் வந்தது. ஒரு வாரம் கழித்துப் போனேன். "எனக்கு யாரும் இல்ல தம்பி, ஒத்தக்கட்ட." அதற்கு அடுத்த வாரம் சும்மா அந்தப் பக்கம் போனபோது கேட்டால், "நீ அன்னைக்கு வந்து எழுதிட்டுப் போன பயதானே? எழுதுனியே, என்னாச்சு?" மூன்று தடவை, மூன்று பதில். மூன்றாவதற்கு பாரத்தில் கட்டம் கிடையாது.

எப்போது மதுரைக்கு வந்தாய் என்றதற்கு "அழகர் ஆத்துல எறங்குனப்ப" என்றது. அவர் வருஷா வருஷம்தானே இறங்குகிறார் என்றேன். "தண்ணியில்லாம தொட்டி கட்டி எறங்குனாரே, அப்ப." அப்புறம் அதுவாகவே சொன்னது: "அழகரே வராத ரெண்டு வருஷமும் இங்கதான் கெடந்தேன். போலீசு எழுப்பி எழுப்பி விட்டுச்சு." அழகர் வைகைக்கு வராதது 2020, 2021, கொரோனா காலம். ஆக 2020-க்கு முன்னாலேயே வந்திருக்கிறது. வருஷக் கணக்குக் கேட்டால் "அது கெடக்கு ஒரு அஞ்சாறு" என்கிற ஆத்தா, அழகரை வைத்துக் கேட்டால் துல்லியமாகச் சொல்கிறது. பாரம் தயாரித்தவர்கள் வைத்திருந்தது "மாதம் / வருடம்" என்று இரண்டு கட்டம். நான் 5 என்று எழுதினேன்.

இன்னொன்று. ஆத்தாவின் பெயர் மகன் ரேஷன் கார்டில் இருக்கிறதாம். மக்கள்தொகைக் கணக்குக்கு மகன் வீட்டுக் கதவைத் தட்டும்போது அவன் கார்டைப் பார்த்து அம்மா பெயரையும் சொல்லிவிடுவான். ராத்திரி படியில் படுத்திருக்கும்போது இன்னொரு தடவை எண்ணுவார்கள். அல்லது அன்றைக்குப் பார்த்து ஆத்தா எங்கேயாவது நகர்ந்திருந்தால் வீடுள்ளவராக மட்டும் கணக்கில் நிற்கும்.

08.08.2025

பயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். பாரத்தை எடுத்ததும் வருகிற முதல் கேள்வி, "வேன் வருதா தம்பி?" பிச்சையெடுப்பதைத் தடுக்கிற 1945-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது. சட்டம் படித்தவர்கள் கிடையாது, ஆனால் நோட்டோடு வருகிறவனுக்குப் பின்னால் வேன் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் பேர் மாறும், ஊர் மாறும், "பிச்சையா? நானா? கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுறேன்" என்பார்கள். (அதுவும் உண்மையாக இருக்கும். முகூர்த்த மாசத்தில்.)

இதற்கு நேர்மாறும் நடந்தது. மூன்றாவது வாரம் எவனோ "பேர் கொடுத்தா வீடு தர்றாய்ங்க" என்று கிளப்பிவிட்டான். மறுநாள் பாய் தலையணையோடு சிம்மக்கல் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே நான் "மின்சாரம் உண்டா? இல்லை" என்று எழுதினேன்.

சரி, மிக்சி கொஞ்சம் மிகை. பாய் தலையணை உண்மை.

10.08.2025

"வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காக எடுப்பார்கள்" என்று ஒரு குரல். 2005-ல் நியூயார்க்கில் கணக்கெடுப்பு ராத்திரியில் ஆய்வாளர்கள் தங்கள் ஆட்களையே வீடற்றவர் மாதிரி 58 இடங்களில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். 17 இடத்தில் "எங்களை யாரும் எண்ணவே இல்லை" என்றார்கள். எண்ணப்படுவதற்காகவே உட்கார்ந்திருந்தவர்களில் இத்தனை பேர் தப்பியிருந்தால், ஒளிந்து படுப்பவர் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள்?

கூட்டிச் சொல்வதும் அங்கே உண்டு. 1980-களில் வாஷிங்டனில் மிட்ச் ஸ்னைடர் என்ற போராளி, அமெரிக்காவில் 20 முதல் 30 லட்சம் பேர் வீடற்றவர்கள் என்றார். 1984-ல் அரசுத் துறை 2.5 முதல் 3.5 லட்சம் என்றது. உங்கள் எண்ணுக்கு ஆதாரம் என்ன என்று நெருக்கியபோது ஸ்னைடர் ஆதாரம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். எண் கேட்டுக் குடைந்தார்கள், கொடுத்தேன் என்கிற மாதிரி. எனக்கு அந்த ஆள்மேல் கோபம் வரமாட்டேன் என்கிறது. ஏன் என்று அடுத்து வரும் பதிவில் தெரியும்.

11.08.2025

ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார்: "நாலு மணி நேரம், நாற்பது பாரம். ஆறு நிமிஷத்துக்கு ஒன்று. அழகர் கதையெல்லாம் கேட்டுவிட்டு ஆறு நிமிஷத்தில் எப்படி முடித்தீர்கள்?"

நல்ல கேள்வி. இரண்டு நாள் கொடுங்கள்.

14.08.2025

நாற்பது என்பது பீற்றல். நல்ல ராத்திரியில் பதினைந்து, பதினாறுதான் முடியும்.

ஒரே ஒரு ராத்திரி மட்டும் இருபத்தாறு கொடுத்தேன். கடைசி வாரம். யாரோ பெரிய ஆள் ஊருக்கு வருகிறார் என்று போலீஸ் சாயங்காலமே டவுன்ஹால் ரோட்டையும் ஸ்டேஷன் வாசலையும் துடைத்து வைத்திருந்தது. எப்போதும் படுத்திருப்பவர்கள் ஒருவரையும் காணோம். அங்கே இங்கே அலைந்து பதினைந்து பாரம் சேர்த்தேன். கையில் பதினொன்று மிச்சம், மறுநாள் ஒப்படைக்க வேண்டும், 275 ரூபாய். விடிகாலை மூன்று மணிக்கு ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பதினொன்றையும் நானே எழுதினேன். நேற்று வரை இங்கே படுத்திருந்த ஆட்கள்தானே, எழுதினால் என்ன தப்பு என்று ஒரு சமாதானம். பேர், ஊர், வயது, நோய், கடைசியாகச் சாப்பிட்ட நேரம் வரைக்கும்.

இதில் கூத்து வயதுதான். நிஜ ஆட்களிடம் வயது கேட்டால் "நாப்பது இருக்கும்", "அம்பது போட்டுக்க" என்பார்கள். நிஜப் பாரங்களில் வயது எல்லாம் 40, 45, 50, 60 என்று குவிந்து நிற்கும். மக்கள்தொகைக் கணக்கிலும் இந்தக் குவியல் உண்டு. அதை அளக்க விப்பிள் குறியீடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: 23 முதல் 62 வயது வரை எடுத்து, 0-விலும் 5-லும் முடிகிற வயதுகள் எவ்வளவு பங்கு என்று பார்ப்பது. குவியலே இல்லையென்றால் 100, எல்லாமே குவியல் என்றால் 500. எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. பொய் எழுதுகிறோமே, சந்தேகம் வரக்கூடாதே என்று 43, 57, 38, 61 என்று பார்த்துப் பார்த்துப் போட்டேன்.

சூப்பர்வைசர் மறுநாள் கட்டைப் புரட்டிவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னார்: "பாருங்கப்பா, இந்தத் தம்பி மாதிரி வயசைக் குடைஞ்சு கேட்டுச் சரியா எழுதணும். சும்மா அம்பது அறுபதுன்னு அடிச்சு விடக்கூடாது." அவர் கையில் இருந்தது அந்தப் பதினொன்றில் ஒன்று.

15.08.2025

திட்டுகிறவர்கள் திட்டலாம், நியாயம்தான். 275 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாயா என்று கேட்டவருக்கு: இல்லை.

"ஒரே ஆளை இரண்டு இடத்தில் எண்ணுவதைத் தவிர்க்க வழி இல்லையா" என்றவருக்கு: வழி உண்டு, கண்மாயில் மீன் கணக்குப் பார்க்கிற மாதிரி. முதல் நாள் 120 மீன் பிடித்து அடையாளம் போட்டு விடுகிறீர்கள். அடுத்த நாள் 100 பிடித்தால் அதில் 40-க்கு அடையாளம் இருக்கிறது. 120-ஐ 100-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 300. கண்மாயில் சுமார் 300 மீன். மனிதருக்கு அடையாளம் பேர்தான். அங்கேதான் சிக்கல். பெரியார் ஸ்டாண்டில் என்னிடம் "முருகன், மேலூர், 50" என்றவர் மாட்டுத்தாவணியில் என் கூட்டாளியிடம் "பாண்டி, திருமங்கலம், 45" என்பார். நாற்பதில் பத்துப் பேர் இப்படிப் பேர் மாற்றிச் சொன்னால் பொருந்துவது 30 ஆகிவிடும், விடை 400. பத்துப் பேர் பொய் சொன்னால் நூறு பேர் முளைத்துவிடுகிறார்கள். மறுபக்கம், நிஜமாகவே வேறு வேறான இரண்டு மேலூர் முருகன்களை ஒருவராக்கினால் விடை சரியும். எங்கள் கட்டில் மேலூர் முருகன் மட்டும் ஐந்து பேர்.

24.08.2025

எண்ணே இல்லாமல் வேலை நடக்காதா என்று கேட்டிருந்தார்கள். நடக்கும். 2010-ல் உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம் என்று சொன்னது. 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் அதே அளவைத்தான் எடுத்துக்கொண்டது. கவனியுங்கள், வீடற்றவர் எத்தனை பேர் என்ற பேச்சே இல்லை. ஊரின் மொத்த மக்கள்தொகைதான் அளவுகோல். 2011 கணக்கில் மதுரை மாநகராட்சி 10 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், ஆக பத்து. படுத்திருப்பவனை எழுப்ப வேண்டாம், பாரம் வேண்டாம், மேலூர் முருகன் தொல்லை வேண்டாம்.

முதலில் படித்தபோது பலே என்றிருந்தது. அப்புறம் யோசித்தால், பத்தையும் எங்கே கட்டுவது? மாட்டுத்தாவணியில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிற பெண்களுக்கு எத்தனை, ஆஸ்பத்திரி வாசலுக்கு எத்தனை? அதற்கு மறுபடி டார்ச்சை எடுத்துக்கொண்டு போகத்தான் வேண்டும். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் குறித்திருக்கும் நேரம் 2027 மார்ச் 1 நள்ளிரவு. போன தடவை மாதிரியே என்றால் பிப்ரவரி 28 ராத்திரி போவார்கள். போகிற வாத்தியார்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன்: முந்தின நாள் பகலில் ஒரு சுற்று நடந்து, டீக்கடைக்காரரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் பேச்சுக் கொடுத்துவிட்டுப் போங்கள். யார் எங்கே படுப்பார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். நான் அதைக் கற்றுக்கொண்டது நாலாவது வாரத்தில்.

07.09.2025

போன வாரம் புட்டுத் திருவிழாவுக்கு ஆரப்பாளையம் போயிருந்தேன். கூட்டத்தில் நிற்கும்போது வந்திக் கிழவி கதையை வேறு மாதிரி யோசித்தேன். வைகைக்கரை உடைந்தபோது பாண்டியன் போட்டதும் வீட்டுக்கணக்குதானே? வீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு பங்கு கரை. யாருமில்லாத கிழவிக்கும் அதே அளவு எழுதிவிட்டார்கள். கூலிக்கு வந்தவர் புட்டைத் தின்றுவிட்டுப் படுத்துத் தூங்கினார். கணக்கு சரிபார்க்க வந்தவர்கள் அவர் யார் என்று விசாரிக்கவில்லை.

திரும்பும் வழியில் சித்திரை வீதிக்குப் போனேன். துணிக்கடைப் படியில் இப்போது இரும்புக் கம்பி பதித்திருக்கிறார்கள், உட்காரக்கூட முடியாது. ஆத்தா இல்லை. பக்கத்துக் கடை வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டேன்.

"அந்தக் கெழவியா? போயி ஆறேழு மாசம் ஆச்சே தம்பி. ஒரு ஆளு ஆட்டோல வந்து கூட்டிட்டுப் போனாரு."

"யாருண்ணே?"

"மகன்னுதான் சொன்னாரு. மானாமதுரையாம். வெளக்குமாத்த மட்டும் விடமாட்டேன்னுச்சு, அதையும் ஆட்டோல ஏத்துனாய்ங்க."

அந்த அறக்கட்டளையின் துண்டறிக்கை இன்னும் சுற்றில் இருக்கிறது, எண்ணும் அதே எண்தான். உங்கள் கையில் கிடைத்தால் மொத்தத்தில் பதினொன்றைக் கழித்துவிடுங்கள். பன்னிரண்டாவதாக ஆத்தாவையும் கழிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.